முதல் பக்கத்துக்கு முன்னால் நான்கு வாரம்: சிறார் படநூல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பாளர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

சிறார் படநூல்களுக்கு எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் வடிவமைக்கிறவர்களுமான சிலர் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். கோரிக்கை ஒன்றுதான். கதாபாத்திரத்தை உருவாக்கும் வேலையைப் பக்கம் வரையும் வேலையிலிருந்து பிரித்துவிடுங்கள். அதற்கென்று நான்கு வாரமும் தனி ஊதியமும் ஒதுக்குங்கள். அந்த உருவத்தை நீங்களும் எழுத்தாளரும் ஏற்றுக்கொண்ட பிறகு முதல் பக்கத்தைத் தொடங்கச் சொல்லுங்கள்.

இப்போது நடப்பது வேறு. சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் வருகிறது. தீபாவளி கழிந்த கையோடு ஓவியருக்குக் கதை போகிறது. பதினாறு பக்கம், சென்டர் பின் (தாள்களை நடுவில் மடித்துப் பின் அடிக்கும் கட்டு), டிசம்பர் நடுவில் அச்சுக்குப் போக வேண்டும் என்று குறிப்பு இருக்கும். நாயகி யார் என்பதற்கு ‘ஆறு வயது, சுட்டிப்பெண்’ என்பதைத் தாண்டி ஒரு வரி இருக்காது. ஓவியர் நேராக முதல் பக்கத்தில் இறங்குகிறார். ஒரு புதிய உருவம் கைக்குப் பழக ஏழெட்டுப் படமாவது ஆகும். ஆகவே அந்தக் குழந்தை ஒன்பதாம் பக்கத்தில்தான் சரியாக வந்து நிற்கிறாள். முதல் பக்கத்துக்கும் ஒன்பதாம் பக்கத்துக்கும் நடுவில் தாடை மாறியிருக்கும், கழுத்து நீண்டிருக்கும், இரட்டைச் சடை இறங்கியிருக்கும். திரும்பிப்போய்த் திருத்த நாள் இல்லை, அப்படியே அச்சாகிவிடும். பெரியவர்கள் எழுத்தைப் படித்துக்கொண்டு போவதால் இதைக் கவனிப்பதில்லை. நான்கு வயதுக் குழந்தைக்குப் படம்தான் எழுத்து. பக்கம் திருப்பியதும் “இது யாரு?” என்று அது கேட்டால் கதை அங்கேயே அறுந்துவிடும்.

முதலில் உங்கள் பக்கத்திலிருந்து வர வேண்டியதைச் சொல்கிறோம். சுட்டி, அன்பானவள், துணிச்சல்காரி எல்லாம் வரைய முடியாத சொற்கள். ‘எதைப் பார்த்தாலும் முதலில் தொட்டுப் பார்ப்பாள்’ என்றால் வரையலாம். ‘பயந்தால் ஓட மாட்டாள், பாவாடை நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு அப்படியே நிற்பாள்’ என்றால் வரையலாம். கதையை ஓவியருக்கு அனுப்புமுன் எழுத்தாளரிடம் நான்கு கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள். இந்தக் கதையில் இவளுக்கு என்ன வேண்டும்? எது குறுக்கே நிற்கிறது? மாட்டிக்கொண்டால் இவள் உடம்பு என்ன செய்யும்? இவளால் செய்யவே முடியாதது எது? பெரும்பாலான குறிப்புகளில் நான்காவதற்குப் பதிலே இருப்பதில்லை. எங்கள் அனுபவத்தில் நல்ல கதாபாத்திரம் பிறப்பது அந்த நான்காவது பதிலிலிருந்துதான்.

ஒரு எடுத்துக்காட்டோடு சொன்னால் விளங்கும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பை 2022 அக்டோபரில் தமிழக அரசு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. அந்தத் தேவாங்கை நாயகனாக வைத்து நான்கிலிருந்து ஏழு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு படநூல் செய்வதாக வைத்துக்கொள்வோம்.

முதல் வாரம் முழுக்கப் பார்க்கிற வேலை. இணையத்தில் ‘லோரிஸ்’ என்ற ஆங்கிலப் பெயரில் தேடினால் நம் ஊர்த் தேவாங்கோடு வடகிழக்கு மாநிலங்களில் வாழும் உருண்டையான வேறொரு இனமும் வரும். மடகாஸ்கரின் வால் நீண்ட லெமூரும் சேர்ந்து வரும். மூன்றையும் கலந்து வரைந்தால் எந்தக் காட்டிலும் இல்லாத ஒரு பிராணி கிடைக்கும். நம் தேவாங்கு ஒல்லி. உடம்பு ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல் நீளம், எடை கால் கிலோவை ஒட்டி. கைகால்கள் குச்சியாக நீண்டிருக்கும். வெளியே தெரிகிற வால் கிடையாது. கண்கள் இரண்டும் முன்பக்கம் பார்க்கும், சுற்றிலும் கருவட்டம், நடுவில் நெற்றியிலிருந்து மூக்குவரை இறங்கும் வெளிர்க்கோடு. பகலெல்லாம் புதருக்குள் பந்தாகச் சுருண்டு தூங்கும். இரவில் கிளை கிளையாக ஊர்ந்து பூச்சி பிடிக்கும். எறும்பு, கறையான், வண்டு எல்லாம் அதன் சாப்பாடு. ஃபிளாஷ் போட்டு எடுத்த இரவுப் படங்களில் கண் நெருப்புத் துண்டாகச் சிவந்திருக்கும். அது வெளிச்சம் பட்டுத் திரும்பியதால் வந்த நிறம். அதைப் பார்த்து வரைந்தால் பேய்க்கதை ஆகிவிடும்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறுகளும் நமக்குத் தெரிந்தவையே. பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதென்று ஒரு வால் ஒட்டிக்கொள்ளும். கையில் வாழைப்பழம் வந்துவிடும். சூரியன் சிரிக்கும் பகலில் உலாவும். எல்லாவற்றுக்கும் மேலாக, மரத்துக்கு மரம் தாவும். தேவாங்கு தாவாது. ஒரு கையோ காலோ எப்போதும் கிளையைப் பிடித்தபடி அடி அடியாகத்தான் நகரும்.

நான்காவது கேள்விக்குப் பதில் இதுதான்: இவனால் தாவ முடியாது. அந்த ஒரு உண்மை கதையைக் கையில் கொடுத்துவிடுகிறது. கிளைகள் உரசிக்கொண்டு நின்ற இரண்டு உடைமரங்களில் ஒன்றின் கிளையை வெட்டிவிட்டார்கள். இரண்டு முழ இடைவெளி. அம்மா அந்த மரத்தில், குட்டி இந்த மரத்தில். குரங்குக் குட்டியாக இருந்தால் ஒரே தாவலில் கதை முடிந்துவிடும். தேவாங்கு என்பதால் பன்னிரண்டு பக்கத்துக்குக் கதை இருக்கிறது. இவன் எப்படிக் கடக்கப் போகிறான் என்று குழந்தை ஒவ்வொரு பக்கத்திலும் கேட்கும். ஆராய்ச்சி செய்யாமல் கண்ணழகுக்காக மட்டும் தேவாங்கைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தக் கதை கிடைத்தே இருக்காது. ‘தேவாங்கு மாதிரி முழிக்காதே’ என்று திட்டு வாங்கிய குழந்தைகள் நம்மிடம் நிறைய உண்டு. அவர்கள் கைக்கு இந்தப் புத்தகம் போகும்போது, விழித்த கண்ணும் மெதுவான நடையும்தான் இவனைக் காப்பாற்றுகின்றன என்று கதை அமைவது எவ்வளவு நல்லது!

இரண்டாம் வாரம் உருவம். முகத்தில் தொடங்க வேண்டாம் என்று ஓவியர்களுக்குச் சொல்லுங்கள். முதலில் நிழலுருவம்: முழு உடம்பையும் கறுப்பாக நிரப்பி இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுருக்க வேண்டும். அந்த அளவில் இவன் மரக்கணுவா தேவாங்கா என்று தெரியவில்லை என்றால் வடிவம் இன்னும் ஆகவில்லை. இருபது முப்பது நிழலுருவம் போட்டால் மூன்று தேறும். சுருண்டு தூங்கும் நிலையில் இவன் வெறும் உருண்டை. அங்கே ஒரு காதோ நான்கு விரலோ உருண்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த அடையாளம் புத்தகம் முழுக்க மாறக்கூடாது.

அடுத்தது தலைக்கணக்கு, அதாவது தலையின் நீளத்தை அளவுகோலாக வைத்து உடம்பை அளப்பது. பெரிய தலை, சின்ன உடம்பு, குட்டைக் கை என்பது எல்லோரும் பிடித்துக்கொள்கிற சூத்திரம். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். ஆனால் அந்தக் கையால் கிளையைப் பிடிக்க முடியாது. இவனுக்குத் தலை ஒன்று, உடல் ஒன்றரை, கைகால் ஒவ்வொன்றும் இரண்டு தலை நீளம் என்று வைத்தால்தான் இடைவெளியை நோக்கி நீளும் அந்தக் கை கண்ணில் படும். மனிதக் குழந்தைக்கும் இதே சிக்கல் வரும். ஆறு வயதுக் குழந்தையின் உயரம் உண்மையில் ஐந்தரை தலையை ஒட்டி இருக்கும். படநூலில் அதை மூன்று, மூன்றரை தலையாகக் குறுக்குகிறோம். மூன்று தலைக் குழந்தையின் கை உச்சந்தலையை எட்டாது. அவள் தலையில் குடம் வைத்து நடப்பதாகவோ பூ வைத்துக்கொள்வதாகவோ கதையில் ஒரு வரி இருந்தால் ஏழாம் பக்கத்தில் ஓவியர் கையை ரப்பராக இழுக்க வேண்டிவரும். கதையில் வரும் எல்லாச் செயல்களையும், குனிதல், ஏறுதல், சுமத்தல், கட்டிப்பிடித்தல் உட்பட, முதலிலேயே பட்டியல் எடுத்து ஒவ்வொன்றையும் குச்சி உருவமாகப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தலைக்கணக்கை முடிவு செய்ய வேண்டும். அரைநாள் வேலைதான். எத்தனை பக்கத்தைத் திருப்பி வரையாமல் காப்பாற்றும் என்பது வரைகிறவர்களுக்குத் தெரியும்.

மூன்றாம் வாரம் முகபாவம். தேவாங்குக்கு மனிதப் புருவம் ஒட்டுவது சோம்பேறி வழி. கண்ணைச் சுற்றிய கருவட்டமே புருவத்தின் வேலையைச் செய்யும். மேல் இமைக்கு மூன்று உயரம், கண்பாப்பாவுக்கு இரண்டு அளவு, காதுக்கு மூன்று கோணம், தலைச் சாய்வு இரண்டு. இவற்றைக் கலந்தாலே தேவைக்கு மேல் பாவங்கள் கிடைக்கும். கதைக்கு எட்டு போதும்: நிம்மதி, ஆவல், சந்தேகம், பயம், அழுகைக்கு முந்தைய கணம், பிடிவாதம், களைப்பு, மகிழ்ச்சி. ‘அழுகைக்கு முந்தைய கணம்’ என்பதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். குழந்தைகள் உதடு பிதுங்கும் அந்த நொடியைத்தான் நின்று பார்ப்பார்கள். கண்ணீர் கொட்டும் படத்தைச் சட்டென்று கடந்துவிடுவார்கள். எட்டையும் வரைந்த பிறகு வாயை விரலால் மறைத்துப் பாருங்கள். என்ன பாவம் என்று அப்போதும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உணர்ச்சி முழுவதும் வாயில்தான் இருக்கிறது, உடம்பு சும்மா நிற்கிறது என்று பொருள்.

நான்காம் வாரத்தில் மாடல் ஷீட், அதாவது பாத்திரத்தை எல்லாக் கோணத்திலும் நிலையிலும் காட்டும் மாதிரித் தாள். அச்சகத்துக்கு எழுத்துரு கொடுப்பது போல, பக்கம் வரையத் தொடங்குமுன் இது மேசையில் இருக்க வேண்டும். முன்பக்கம், முக்கால் பக்கம் (முன்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் இடைப்பட்ட கோணம்), பக்கவாட்டு, முதுகுப்பக்கம் ஆகிய நான்கும் ஒரே கோட்டில், ஒரே உயரத்தில் வேண்டும். முதுகுப்பக்கம் பலர் விட்டுவிடுவது. ஆனால் குழந்தையோ பிராணியோ தூரத்தைப் பார்த்து நிற்கிற படம் எந்தக் கதையிலும் ஒன்றாவது வரும். அப்போது சடை எங்கே பிரிகிறது, சட்டையின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். அதற்கடுத்து உட்காரும், ஏறும், தொங்கும், தூங்கும் நிலைகள். பிறகு அளவு ஒப்பீடு: அம்மா பக்கத்தில் எவ்வளவு, உடைமரத்தின் இலைக்கும் முள்ளுக்கும் பக்கத்தில் எவ்வளவு, மனிதக் குழந்தையின் உள்ளங்கையில் எவ்வளவு. அளவு ஒப்பீடு இல்லாத நூல்களில் நாயகன் ஒரு பக்கத்தில் எலி அளவும் அடுத்த பக்கத்தில் பூனை அளவும் இருப்பான். கடைசியில் நிறங்கள், எண்களோடு. கூடவே ‘வேண்டாதவை’ என்று ஒரு மூலை: வால் கிடையாது, தாவும் நிலை கிடையாது, பற்கள் தெரியச் சிரிப்பு கிடையாது.

அடையாளக்குறி ஒன்று போதும், அதுவும் இடது வலது பேதமில்லாமல் இருந்தால் நல்லது. இடது காதில் மட்டும் ஒரு வெட்டு என்று வைத்துவிட்டால், அவசரத்தில் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பும்போது வெட்டு வலது காதுக்குப் போய்விடும். சட்டைப் பை, பள்ளி பேட்ஜ், சேலை முந்தானை எல்லாம் இப்படித்தான் இடம் மாறுகின்றன. கண்ணில் வைக்கும் வெள்ளைப் புள்ளியும் சேர்ந்து திரும்பும். வெளிச்சம் இடது மேலிருந்து வருவதாக முடிவு செய்திருந்தால் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் நிலா வலதுபுறம் போய்விடும். கட்டம் போட்ட பாவாடை, பூப்போட்ட சட்டை வேண்டும் என்று கேட்குமுன் கணக்குப் பாருங்கள். இருபத்துநான்கு பக்க நூலில் நாயகி பதினைந்து இருபது தடவையாவது வருவாள். மடிப்புக்குத் தகுந்தபடி அத்தனை கட்டத்தையும் வளைத்து வரைய வேண்டும். ஒரே நிறத்தில் பாவாடை, விளிம்பில் ஒரு கோடு. அதுவே தூரத்திலிருந்தும் அடையாளம் தெரியும்.

சட்டையில் எழுத்து வேண்டவே வேண்டாம். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலய வரிசையில் ஒரே படங்கள் பல மொழிகளில் வந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சில் ஒவ்வொரு மைக்கும் தனித் தகடு உண்டு. எழுத்து முழுக்கக் கறுப்புத் தகட்டில் மட்டும் இருந்தால் மொழி மாறும்போது அந்த ஒரு தகட்டை மாற்றினால் போதும். நான்கு வண்ணப் படத்துக்குள் பெயர்ப்பலகையும் பனியன் எழுத்தும் கலந்துவிட்டால் தெலுங்குப் பதிப்புக்குப் படத்தையே திருத்த வேண்டும்.

அச்சு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நல்ல கதாபாத்திரங்கள் பல அங்கேதான் செத்துப்போகின்றன. நம் தேவாங்கின் கதை இரவில் நடக்கிறது. பின்னணி கருநீலம், இவன் சாம்பல் கலந்த பழுப்பு. கணினித் திரையில் பளிச்சென்று இருக்கும். திரை ஒளியால் காட்டுகிறது, காகிதம் மையால் காட்டுகிறது. மேப்லித்தோ என்ற பூச்சில்லாத காகிதம் மையை உறிஞ்சும், புள்ளிகள் பரவும், எல்லாம் ஒரு படி இருண்டு வரும். கருநீலமும் பழுப்பும் சேர்ந்து ஒரே சேறாகிவிடும். இதைத் தவிர்க்க, நிறம் கொடுக்குமுன்பே படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். நாயகனும் பின்னணியும் ஒரே அளவு சாம்பலாகத் தெரிந்தால் நிறத்தை எவ்வளவு மாற்றினாலும் பயன் இல்லை. இரவை நடுத்தர நீலத்துக்கு ஏற்றி, இவனை வெளிர் மணல் நிறத்துக்குக் கொண்டுவந்து, கண்விளிம்பிலும் நெற்றிக் கோட்டிலும் காகிதத்தின் வெண்மையை அப்படியே விட்டால் நிலா வெளிச்சம் தானாக வரும். பாத்திரத்தின் நிறங்களைத் திரைக்கான ஆர்ஜிபி முறையில் தேர்ந்தெடுத்துவிட்டுக் கடைசியில் அச்சுக்கான நான்கு மை முறையான சிஎம்ஒய்கேக்கு மாற்றுவதும் கூடாது. பளபளக்கும் பச்சையும் ஆரஞ்சும்தான் முதலில் மங்கும். மாடல் ஷீட்டை அச்சாகப் போகிற அதே காகிதத்தில் ஒரு சோதனைப் பிரதி எடுத்துத் தாருங்கள். அதற்கு ஆகும் செலவு, முழுப் பதிப்பும் இருண்டு வந்து நிற்பதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

சென்டர் பின் நூலில் இன்னொன்று. பதினாறு பக்கத்தில் விரிபக்கம், அதாவது திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம், ஏழு. அதில் நடுவே வரும் எட்டும் ஒன்பதும் மட்டும்தான் ஒரே தாளாக அமையும். மற்ற ஆறிலும் இடது பாதி ஒரு தாள், வலது பாதி வேறு தாள். மடிப்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகும். நாயகனின் முகமோ கையோ அந்த மடிப்பில் விழுந்தால் மூக்கு இரண்டாகும். தேவாங்கு கிளையைக் கடந்து கை நீட்டும் அந்தப் பெரிய படத்தை எட்டு, ஒன்பதில் வைக்கத் தெரிந்திருந்தால் கதையையும் அதற்கேற்ப நகர்த்திவிடலாம். எழுத்தாளரும் ஓவியரும் வடிவமைப்பாளரும் ஒரு தடவையாவது ஒன்றாக உட்கார வேண்டியது இதற்காகத்தான். தமிழ் இடமிருந்து வலம் போகும் எழுத்து. முன்னேறிப் போகிறவன் வலப்பக்கம் பார்த்தும், தோற்றுத் திரும்புகிறவன் இடப்பக்கம் பார்த்தும் இருந்தால் குழந்தைக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மனிதக் குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது எங்களுக்கு ஆதங்கம் அதிகம். “கொஞ்சம் கலரைத் தூக்குங்க” என்ற வரி இந்தத் துறையில் ஒவ்வொரு ஓவியரும் கேட்டது. கறுத்த குழந்தையை வரைந்து அனுப்பினால் வெளுத்த குழந்தையாகப் பக்கத்துக்கு வருகிறாள். அச்சில் கறுப்பு அப்பிவிடும் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. அப்புவது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் தோலை ஆழப்படுத்தக் கறுப்பு மையைக் கூட்டுவது. கறுப்பைப் பத்து விழுக்காட்டுக்குள் நிறுத்தி, மெஜந்தாவையும் மஞ்சளையும் உயர்த்திச் சிறிது சயான் சேர்த்தால் ஆழமான, வெதுவெதுப்பான பழுப்பு சுத்தமாக வரும். நிழலுக்கும் கறுப்பு வேண்டாம், சிவந்த பழுப்போ ஊதாவோ போதும். கறுத்த தோலுக்குப் பின்னால் அடர்ந்த பின்னணி வைக்காமல் வெளிர் மஞ்சளோ வெளிர் பச்சையோ வைத்தால் முகம் எழுந்து நிற்கும். ஆகவே அச்சைக் காரணம் காட்டி ஒரு குழந்தையின் நிறத்தை மாற்றாதீர்கள். அரசுப் பள்ளி வகுப்பறைக்குள் போகிற புத்தகத்தில் அந்த வகுப்பறைக் குழந்தைகளின் முகம் இருக்க வேண்டும்.

அதேபோல், பாட்டி என்றால் கொண்டை, கண்ணாடி, கைத்தடி என்று வந்து விழுகிறது. ஆறு வயதுக் குழந்தையின் பாட்டிக்கு ஐம்பது ஐம்பத்தைந்து வயதுதான் இருக்கும். வேலைக்குப் போகிறவராக, செல்போனில் பேசுகிறவராக, நிமிர்ந்து நடக்கிறவராக இருப்பார். சக்கர நாற்காலிக் குழந்தை வேண்டும் என்று கேட்பவர்கள், எந்த வகை நாற்காலி, யார் தள்ளுகிறார்கள், அவளே உருட்டுகிறாளா, வீட்டு வாசல்படியில் என்ன செய்கிறாள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். மருத்துவமனை நாற்காலியும் அவளே உருட்டிக்கொள்ளும் நாற்காலியும் ஒன்றல்ல. முதலாவதில் உட்கார்ந்திருப்பவள் நோயாளியாகத்தான் தெரிவாள்.

எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உருவம் முடிவானதும் கதையைத் திரும்ப எடுத்து, படத்தில் தெரிவதையெல்லாம் எழுத்திலிருந்து நீக்கிவிடுங்கள். ‘பெரிய கண்களையுடைய குட்டித் தேவாங்கு’ என்பதில் ‘பெரிய கண்களையுடைய’ இனி தேவையில்லை. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்களில் நுழை, நட, ஓடு, பற என்று நிலைகள் உண்டு. ‘நுழை’ நிலைக் குழந்தைக்கு ஒரு பக்கத்தில் ஒரு வரியே பெரிய வேலை. அந்த வரியைக் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லி வீணாக்கலாமா?

உருவத்தைக் குழந்தைகளிடம் காட்டிப் பார்ப்பதும் இந்த நான்கு வாரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். ஐந்தாறு குழந்தைகள் போதும், ஒவ்வொருவராக. கதையைச் சொல்லாமல் மாடல் ஷீட்டை மட்டும் காட்டுங்கள். “பிடிச்சிருக்கா?” என்று கேட்காதீர்கள், பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். “இவன் இப்ப என்ன பண்றான்? எதுக்குப் பயப்படுறான்? ராத்திரி எங்க தூங்குவான்?” என்று கேளுங்கள். பயந்த முகத்தைக் கோபம் என்று மூன்று பேர் சொன்னால் இமையை மாற்ற வேண்டும். “இது அணில்” என்று இரண்டு பேர் சொன்னால் நிழலுருவத்துக்கே திரும்ப வேண்டும். “சட்டை போட்டு விடுங்க” என்பது போன்ற யோசனைகளை நன்றி சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். பின்பற்ற வேண்டிய கட்டாயமில்லை.

திருத்தங்கள் பற்றி. பதிப்பாளர் ஒன்று, பதிப்பாசிரியர் ஒன்று, எழுத்தாளர் ஒன்று, விற்பனைப் பிரிவில் ஒருவர் ஒன்று என்று வாட்ஸ்அப்பில் தனித்தனியாக வரும் கருத்துகள் ஓவியரை நாலாபக்கமும் இழுக்கின்றன. எல்லாவற்றையும் ஒருவர் திரட்டி, முரண்பாடுகளை உள்ளேயே தீர்த்து, ஒரே குறிப்பாக அனுப்புங்கள். உருவாக்கக் கட்டத்தில் இரண்டு சுற்றுத் திருத்தம் நியாயம். மாடல் ஷீட்டில் கையெழுத்திட்ட பிறகு மூக்கை மாற்றச் சொன்னால் அது புதிய வேலை, புதிய ஊதியம். பென்சில் நிலையில் ஒரு மூக்கை மாற்றப் பத்து நிமிடம் போதும். வண்ணம் முடிந்த இருபது படங்களில் மாற்ற ஒரு வாரம்.

இனி பணமும் உரிமையும். மொத்த ஓவிய ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கதாபாத்திர உருவாக்கத்துக்கென்று தனியாகக் காட்டி, மாடல் ஷீட் ஏற்கப்பட்டதும் கொடுங்கள். அதற்குப் பின் நூல் கைவிடப்பட்டாலும் அந்தத் தொகை ஓவியருடையது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் ஆகிவிட முடியும். வாய்ப்பேச்சில் தொடங்கும் வேலையில் ஓவியர் அறியாமலேயே எல்லாம் கைமாறிவிடுகிறது. 19ஆம் பிரிவு, உரிமை மாற்றம் கையெழுத்துடன் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் கொள்கிறது. 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் படைப்பாளர் என்று உரிமை கோரவும், தன் பெயருக்கு ஊறு வரும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கவும் இடம் தருகிறது.

ஒரு கதாபாத்திரம் வெற்றி பெற்றால் அடுத்த நூல், நாட்காட்டி, பை, பொம்மை, அனிமேஷன் என்று போகும். இவற்றில் எவை இந்த ஒப்பந்தத்துக்குள், எவை வெளியே என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். அடுத்த நூலை வேறு ஓவியர் வரைவதானால் மூல உருவத்தை உருவாக்கியவர் பெயர் அதிலும் வர வேண்டும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையத்தளம் 2015 முதல் செய்வதுபோல் திறந்த உரிமத்தில் வெளியிடப் போகிறீர்கள் என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். யார் வேண்டுமானாலும் அந்த உருவத்தை எடுத்து மாற்றலாம் என்று தெரிந்தே ஓவியர் சம்மதிக்க வேண்டும். மாடல் ஷீட்டைப் படம் உருவாக்கும் செயலிகளில் கொடுத்து அடுத்த நூலுக்குப் படம் எடுப்பது எழுத்துபூர்வமான சம்மதமில்லாமல் கூடாது என்ற வரியையும் சேர்க்கக் கேட்கிறோம்.

அடுத்த ஜனவரிக் காட்சிக்கு வெளியிட எண்ணும் படநூல்களின் கதைகளை ஜூன் மாதத்துக்குள் இறுதி செய்யுங்கள். ஜூலையை மாடல் ஷீட்டுக்கு விடுங்கள். ஆகஸ்டில் பென்சில், செப்டம்பர் அக்டோபரில் வண்ணம், நவம்பரில் சோதனைப் பிரதி என்று வைத்தால் டிசம்பர் நெரிசலில் அச்சகத்தில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. எல்லா நூலுக்கும் முடியாது என்றால் இந்த ஆண்டு ஒரே ஒரு நூலை இப்படிச் செய்து பாருங்கள். நான்கு கேள்விக்கான படிவம், மாடல் ஷீட்டின் மாதிரிக் கட்டம், ஒப்பந்த வரிகள் மூன்றையும் தயாரித்துத் தர நாங்கள் தயார். உங்கள் பதிப்பாசிரியர்களோடு உட்கார்ந்து பேசவும் தயார்.

அன்புடன்,
சிறார் படநூல் எழுத்தாளர்கள், ஓவியர்கள், வடிவமைப்பாளர்கள் சிலர்